கல்லும் நீரும் எழுத்தும்: புதுவையின் ஊர்ப்புறமும் தென்பிரான்சின் சுண்ணாம்புப் பள்ளத்தாக்குகளும்

முன்னுரை

புதுவை, பிரெஞ்சு நாட்டோடு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக் காலம் உறவு பூண்டிருந்த நகரம். 1673ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வுறவு, 1954 நவம்பர் முதல் நாள் நிகழ்ந்த ஆட்சி மாற்றத்தால் வேறு வடிவம் பெற்றது; 1962இல் சட்டப்படியான இணைப்பும் நிறைவுற்றது. ஆட்சி நீங்கினும் போக்குவரத்து நீங்கவில்லை. இன்றும் புதுவைக் குடும்பங்கள் பல பிரான்சில் வாழ்கின்றன. அந்நாட்டினர் ஆண்டுதோறும் இங்கு வருகின்றனர்.

எனினும் ஒரு குறை உண்டு. அங்கிருந்து வருவோர் கடற்கரைச் சாலையையும் நேர்கோடாய் ஓடும் வீதிகளையும் கண்டு திரும்புகின்றனர். இங்கிருந்து செல்வோர் பாரிஸ் மாநகரைக் கண்டு மீள்கின்றனர். இரு நாட்டு ஊர்ப்புறங்களும் ஒன்றையொன்று அறியவில்லை. அதனினும் வருந்தத்தக்கது, நம் ஊர்ப்புறத்தை நாமே அறியாதிருப்பதாகும். பாகூர், திருபுவனை, வில்லியனூர், வழுதாவூர், திருவக்கரை ஆகிய ஊர்கள் புதுவையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ளன. ஆயினும் அவ்வூர்களை ஊன்றி நோக்கிய மாணவர் சிலரே.

தென்பிரான்சின் சுண்ணாம்புப் பள்ளத்தாக்குகளிலுள்ள தொன்மையான சிற்றூர்களை அந்நாட்டினர் எவ்வாறு படித்தனர், எவ்வாறு காத்தனர் என்பதை முதற்கண் காண்போம். பின்னர் அதே கண்கொண்டு புதுவையின் ஊர்ப்புறத்தை நோக்குவோம். ஓர் ஊரின் வரலாறு அதன் கல்லிலும் நீரிலும் எழுத்திலும் ஒருங்கே தங்கியுள்ளது. அம்மூன்றையும் சேர்த்துப் படிக்கும் உள்ளூர்க் கண்கள் இருந்தால்தான் ஊர் காக்கப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தென்பிரான்சின் சுண்ணாம்பு நிலம்

பிரான்சின் தென்மேற்கில், நடுப் பெருமலைத் தொகுதியின் சரிவை ஒட்டி, 'கோஸ்' எனப்படும் வறண்ட சுண்ணாம்பு மேட்டுநிலங்கள் பரந்துள்ளன. லோ, செலே, தொர்தோஞ், தார்ன் ஆகிய ஆறுகள் இம்மேட்டுநிலங்களை அறுத்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை உண்டாக்கியுள்ளன. தார்ன் ஆற்றின் பள்ளத்தாக்கு சிலவிடங்களில் 400 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. இங்குள்ள சுண்ணாம்புக் கல்லின் பெரும்பகுதி ஜுராசிக் காலத்தில், ஏறத்தாழ 15 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் படிந்தது. கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் அடுக்கடுக்காய் இறுகிக் கல்லாயின.

சுண்ணாம்புக் கல்லின் இயல்பு தனித்தன்மை வாய்ந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அவ்வமிலம் கல்லின் வெடிப்புகளில் இறங்கிச் சிறிது சிறிதாகக் கல்லைக் கரைக்கிறது. வெடிப்பு துளையாகிறது, துளை குகையாகிறது, குகையின் கூரை இடிந்தால் பெரும் பள்ளம் தோன்றுகிறது. பதிராக் என்னுமிடத்திலுள்ள 75 மீட்டர் ஆழமுள்ள பள்ளம் அவ்வாறு உண்டானதே. 1889ஆம் ஆண்டில் எதுவார் மார்த்தேல் என்பார் அதனுள் இறங்கி, அடியில் ஓடும் நிலத்தடி ஆற்றைக் கண்டார். மேட்டுநிலத்தில் நீர் நில்லாது. கீழே பள்ளத்தாக்கின் ஓரத்தில் ஊற்றாய்ப் பொங்கும். ஆகவே ஊர்கள் ஆற்றோரப் பாறைகளைச் சார்ந்தே அமைந்தன. லோ ஆற்றின் மேலே செங்குத்துப் பாறையில் அமைந்த சேன் சிர்க் லபோப்பி என்னும் சிற்றூரும், பாறைச் சுவரில் ஒட்டிய கூடுபோல் விளங்கும் ரொக்கமதூரும் இதற்குத் தக்க சான்றுகள். காலடியில் கிடைத்த கல்லே அங்கு வீடாயிற்று. வீடே நிலத்தின் நிறத்தைப் பெற்றது.

இந்நிலத்தில் மனிதர் வாழ்ந்த காலமும் நீண்டது. செலே ஆற்றங்கரையிலுள்ள கபரேரே என்னும் சிற்றூரில், 1922ஆம் ஆண்டு இளைஞர் இருவர் பெஷ் மெர்ல் குகையின் ஓவியங்களைக் கண்டறிந்தனர். அங்குள்ள புள்ளிக் குதிரைகளின் ஓவியம் ஏறத்தாழ 29,000 ஆண்டுப் பழமையுடையது என மதிப்பிடப்படுகிறது. அவ்விளைஞர்க்குக் குகைகளை ஆராயும் ஆர்வத்தை ஊட்டியவர் அவ்வூர்ப் பாதிரியாரான அமேதே லெமோசி ஆவார். 1940இல் தொர்தோஞ் பகுதியில் லஸ்கோ குகையைக் கண்டவரும் இளைஞர் நால்வரே. அவர்கள் முதலில் நாடியது தம் பள்ளி ஆசிரியரை. அவ்வாசிரியர் வழியாகவே செய்தி அறிஞரை எட்டியது. பெருங்கண்டுபிடிப்புகள் இரண்டிலும் உள்ளூர் இளைஞரும் அவர்தம் சொல்லைப் பொருட்படுத்திய உள்ளூர்ப் பெரியவரும் இருந்தனர் என்பது நம் மாணவரும் பெரியோரும் ஒருசேர நினைவிற்கொள்ளத்தக்கது.

எகிப்தியப் பட எழுத்தை 1822இல் படித்துணர்த்திய ஷம்போலியோன், 1790இல் பிறந்ததும் செலே ஆற்றங்கரையிலுள்ள ஃபிழாக் என்னும் ஊரில்தான். சிற்றூர்ப்புறத்தில் பிறந்த ஒருவர், தொலைநாட்டுக் கல்லெழுத்துக்கு வாய் கொடுத்தார்.

இத்தகு ஊர்களைக் காக்கும் பொருட்டு, 1982ஆம் ஆண்டில் 'பிரான்சின் மிக அழகிய சிற்றூர்கள்' என்னும் சங்கம் தோன்றியது. அதற்கு வழிகோலியவர் கொலோஞ்ஜ் லா ரூழ் என்னும் சிற்றூரின் தலைவர் ஷார்ல் செராக். செந்நிற மணற்கல்லால் கட்டப்பட்டமையால் அவ்வூர்ப் பெயரில் 'சிவப்பு' என்னும் சொல் சேர்ந்தது. 2,000 பேருக்கு மிகாத மக்கள்தொகையும், பாதுகாக்கப்பட்ட நினைவிடங்கள் இரண்டேனும் இருத்தலும் அச்சங்கத்தில் சேர்வதற்கான தகுதிகளுள் அடங்கும். அரசு ஆணைக்குக் காத்திராமல் ஊர்த் தலைவர்கள் தாமே கூடி எடுத்த முயற்சி இது.

புதுவையின் கல்

இனி நம் நிலத்திற்கு வருவோம். புதுவை நகரின் வடக்கிலும் வடமேற்கிலும் செம்மண் மேடு எழுகிறது. கோரிமேடு அதன் ஒரு பகுதியே. பிரெஞ்சுக்காரர் இதனைப் 'புதுவையின் செம்மலைகள்' என்றே தம் மொழியில் வழங்கினர். மலை என்னும் அளவிற்கு உயரமில்லை. ஆயினும் மழைநீர் அறுத்த ஓடைகளும் செங்குத்தான கரைகளும் இம்மேட்டிற்குத் தனி அழகைத் தருகின்றன. இது கடலூர் மணற்கல் எனப்படும் படிவத்தால் ஆனது.

இம்மேட்டிற்கு அப்பால் வடமேற்கே கரசூர், சேதராப்பட்டு, வழுதாவூர் ஆகிய ஊர்களைச் சார்ந்த பகுதியில் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணம் கலந்த களிமண்ணும் மணற்கல்லும் கொண்ட படிவங்கள் அமைந்துள்ளன. இவை கிரிட்டேசியக் காலத்தின் இறுதியிலும் அதனை அடுத்த காலத்திலும், ஏறத்தாழ 7 முதல் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கடலில் படிந்தவை. 'கிரிட்டேசியம்' என்னும் சொல்லே இலத்தீன் மொழியில் வெண்சுண்ணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. தென்பிரான்சிலுள்ளன போன்ற குகைகளும் நெட்டைப் பாறைகளும் இங்கு இல்லை. கல் பெரும்பாலும் வயலுக்கும் செம்மண்ணுக்கும் அடியில் மறைந்து, கிணறு வெட்டும்போதும் ஓடைக் கரைகளிலும் வெளிப்படுகிறது. காட்சியால் எளியது, கருத்தால் அரியது.

எவ்வாறு அரியது எனில், இக்கல்லுள் அம்மோனைட்டு எனப்படும் சுருள் ஓட்டு உயிர்களின் படிவங்கள் உள்ளன. கடலில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த அவ்வுயிரினம், டைனோசர்கள் மறைந்த அதே காலத்தில், ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், உலகிலிருந்து மறைந்தது. அம்மறைவிற்குச் சற்று முந்தைய கடலின் சான்றுகளே நம் வழுதாவூர் நிலத்தில் புதைந்துள்ளன. கேய், கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் தென்னிந்தியாவில் திரட்டிய படிவங்களை, 1846இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் இலண்டனில் விளக்கி வெளியிட்டார். புதுவைப் பகுதியின் படிவங்களும் அவற்றுள் இருந்தன. அவர் அம்மோனைட்டு இனங்களுக்குச் சூரியன், வருணன், இந்திரன் என இந்நாட்டுத் தெய்வப் பெயர்களைச் சூட்டினார். நெய்தல் நிலத்திற்கு வருணனைத் தெய்வமாகக் கொண்டது தமிழ் மரபு. தமிழ் மண்ணில் கிடைத்த கடலுயிரின் கல்லுருவுக்கு வருணன் பெயர் வாய்த்தது பொருத்தமான நிகழ்ச்சியே. பின்னர் 1860களில் பிளான்ஃபோர்டு இந்நிலத்தை ஆராய்ந்து, வழுதாவூரின் பெயராலேயே ஒரு கல்லடுக்கைக் குறித்தார். உலகின் நிலவியல் நூல்களில் வழுதாவூர் இன்றும் நிலைபெற்ற பெயராகும்.

மற்றொரு செய்தியும் இங்கு எண்ணத்தக்கது. இக்காலக் கல்லடுக்குகளை உலகெங்கும் அளக்கும் பெயர்களுள் பல பிரெஞ்சு ஊர்ப் பெயர்களே. துரோனியன் என்பது தூர் நகராலும், கோனியாசியன் என்பது கோன்யாக் ஊராலும், சந்தோனியன் என்பது சேன்த் நகராலும் ஏற்பட்டவை. முதலாவதைச் சூட்டியவர் அல்சீத் தோர்பிஞ்யி; பின்னிரண்டையும் 1857இல் சூட்டியவர் ஆன்றி கொக்கான். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கல்லையும் அறிஞர் இப்பெயர்களாலேயே அளக்கின்றனர். அரசியல் உறவுக்கு மிக முன்னரே இரு நாட்டுக் கற்களுக்கும் ஓர் உறவு இருந்தது எனலாம்.

கல்லுள் உயிரின் உருவைக் கண்டு வியந்து ஆராய்வது முஸ்லிம் அறிஞர் மரபிற்குப் புதிதன்று. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு சீனா தம் 'கிதாபுஷ் ஷிஃபா' என்னும் பெருநூலில், மலைகள் தோன்றும் முறையையும் உயிர்கள் கல்லாய் மாறும் இயல்பையும் ஆராய்ந்தார். அப்பகுதி இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பாவை அடைந்தது. அவர் காலத்தவரான அல்பிரூனி, இந்தியாவின் வடபுலச் சமவெளியில் உருண்டைக் கற்களும் மணலும் பரந்துள்ள முறையை நோக்கி, அந்நிலம் முன்னொரு காலத்தில் கடலாயிருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என எழுதினார். உலகைச் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறை பலவிடங்களில் தூண்டுவதை நாம் அறிவோம். அத்தூண்டுதலை ஏற்றோர் கல்லையும் ஒரு நூலாகவே படித்தனர்.

புதுவைக்கு வடமேற்கே சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள திருவக்கரை, கல்லை அறிய விரும்புவோர்க்கு எளிய பாடசாலை. இங்குள்ள கல்மரங்களை 1781இல் சொன்னெரா என்னும் பிரெஞ்சு இயற்கையறிஞர் உலகிற்கு அறிவித்தார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடைய இம்மரங்கள் நின்ற நிலையில் இல்லை. கிளையும் இலையும் இன்றிப் படுத்துக் கிடக்கின்றன. வளர்ந்த இடத்திலேயே இவை கல்லாகவில்லை, பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலுள் புதைந்து கல்லாயின என்பதை அக்கிடப்பே உணர்த்துகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பேணி வருகிறது. அருகிலேயே செம்பியன் மாதேவியார் திருப்பணி செய்த சோழர் காலக் கோயிலும் உள்ளது. கல்லான மரமும் கல்லில் எழுந்த கலையும் ஒரே ஊரில் அமைந்த அருமை இது.

புதுவையின் நீர்

தென்பிரெஞ்சு மேட்டுநிலத்தில் நீர் கல்லுள் மறைந்துவிடும். எனவே இடையர் பள்ளங்களுக்குக் கல் பரப்பி, ஆடுகளுக்காக மழைநீரைத் தேக்கினர். புதுவையின் நிலையோ வேறு. இங்கு மழை ஓரிரு மாதங்களில் கொட்டித் தீரும், நிலம் தட்டையானது, ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும். ஆகவே நம் முன்னோர் ஏரிகளையும் வாய்க்கால்களையும் வெட்டினர். அவர்கள் ஊற்றைத் தேடி ஊர் அமைத்தனர்; நாம் ஏரியை அமைத்து ஊரை அமைத்தோம்.

ஊசுட்டேரி ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புடையது. அதன் ஒரு பாதி புதுவையிலும் மறு பாதி தமிழ்நாட்டிலும் உள்ளது. பாகூர் ஏரி அடுத்த நிலையில் பெரியது. தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்கு நீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்னும் சகோதரியர் இருவர் தம் செல்வத்தால் வாய்க்கால் வெட்டுவித்தனர் என்பது மக்கள் வழக்கு.

நகரின் குடிநீர்க் கதையும் ஊர்ப்புறத்தையே சார்ந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், லமரெஸ் என்னும் பொறியாளரின் முயற்சியால் முத்திரைப்பாளையத்து நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. நகரின் நடுவே பூங்காவில் வெண்ணிறத்தில் விளங்கும் ஆயி மண்டபம் அதன் நினைவாக எழுந்தது. அங்கு நீர்நிலை வெட்டியவள் எனக் கதை போற்றும் ஆயி என்னும் பெண்ணின் பெயரையே மண்டபம் தாங்கியுள்ளது. மன்னன் பெயரன்றி ஓர் எளிய பெண்ணின் பெயர் நகரின் அடையாளச் சின்னத்தில் நிலைத்தது, நீரைத் தந்தவரை மக்கள் மறவார் என்பதைக் காட்டுகிறது. மண்டபத்தைப் படம் பிடிப்போர் பலர்; அந்நீர் வந்த ஊரைத் தேடிச் சென்று காண்போர் மிகச் சிலர்.

புதுவையின் எழுத்து

கல்லும் நீரும் ஊருக்கு உடல் எனின், எழுத்து அதன் நினைவாகும். இவ்வகையில் புதுவையின் சிற்றூர்கள் பெருஞ்செல்வம் உடையவை.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அஃதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வழங்கப்பட்ட பாகூர்ச் செப்பேடு கல்வி வரலாற்றில் தலையாயது. குறுநிலத் தலைவன் ஒருவனின் வேண்டுகோளை ஏற்று, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் பாகூரிலிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்திற்குக் கொடையாக அளிக்கப்பட்டன. வடமொழியும் தமிழும் கலந்த இச்செப்பேட்டின் ஐந்து இதழ்களும் 1879இல் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் வழியாக வெளிப்பட்டுப் பாரிஸ் தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட நம் கல்விக்கூடத்தின் பத்திரம் பிரான்சின் தலைநகரில் இருக்கிறது. அது பேணப்பட்டது, அறிஞரால் படித்து வெளியிடப்பட்டது என்பது மகிழ்ச்சியே. ஆயினும் பாகூர்ப் பிள்ளைகள் அதன் படியையேனும் தம் ஊரில் நாள்தோறும் காணும் வாய்ப்புப் பெறுதல் வேண்டும் என்னும் விழைவு நமக்கு எழுகிறது.

விழுப்புரம் செல்லும் சாலையிலுள்ள திருபுவனையில் வரதராசப் பெருமாள் கோயில் கல்வெட்டு, முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048ஆம் ஆண்டில், அங்கு 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி நடந்ததைக் கூறுகிறது. அவர்கள் ஊர் வாரியங்களில் பணியாற்றும் கடமையிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். படிப்பிற்கு இடையூறு நேரலாகாது என்னும் கருத்து அன்றே இருந்தது. அண்மையிலுள்ள மதகடிப்பட்டில் முதலாம் இராசராசன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில் உள்ளது. இம்மண்ணில் கல்லூரி நடத்துவோரும் அதில் பயில்வோரும் பாகூரையும் திருபுவனையையும் தம் முன்னோடிகளாகக் கருதுதல் தகும். சமயம் எதுவாயினும் கல்விக்கு நிலமும் நெல்லும் கொடுத்த உள்ளம் ஒன்றே; வக்பு செய்து மதரசாவும் பள்ளியும் வளர்த்த நம் பெரியோரின் உள்ளமும் அதுவே.

இக்கல்வெட்டுகளைத் தொகுத்தவர் பாகூரையே தம் பெயரில் தாங்கிய பாகூர் குப்புசாமி என்பது இங்கு நினைக்கத்தக்கது. அவர் திரட்டிய புதுவைக் கல்வெட்டுகள், விஜயவேணுகோபால் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 2006இல் நூலாக வெளிவரத் தொடங்கின. ஊரைச் சேர்ந்தவரே ஊரின் எழுத்தைத் தேடினார். செலே ஆற்றங்கரையில் நாம் கண்ட உண்மை இங்கும் மெய்யாகிறது.

ஆட்சிகள் சந்தித்த ஊர்கள்

புதுவையின் தோற்றத்தில் முஸ்லிம் ஆட்சியாளர் ஒருவரின் பங்கு முதன்மையானது. பீஜப்பூர் சுல்தானின் சார்பில் வாலிகண்டபுரத்தில் இருந்து ஆண்ட ஷேர்கான் லோடியின் இசைவாலேயே பிரெஞ்சுக்காரர் 1673இல் புதுவையில் கால் ஊன்றினர். அடுத்த ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் பொறுப்பேற்று நகரை வளர்த்தார். 1677இல் சிவாஜியின் படையெடுப்பால் ஷேர்கான் ஆட்சி வீழ்ந்தது. அவர் பெயரை இன்று புதுவையில் நினைப்போர் அரியர்.

வாலிகண்டபுரம் இன்று பெரம்பலூர் மாவட்டத்துச் சிற்றூர். பழைய சிவன் கோயிலும் பள்ளிவாசலும் கொண்ட அவ்வூர், மற்றொரு வகையிலும் நம் பொருளோடு தொடர்புடையது. அம்மாவட்டத்துக் காரை என்னும் ஊரில் மழைநீர் அறுத்த களிமண் ஓடைகள் பரந்த நிலப்பரப்பாய் விரிந்துள்ளன. கிரிட்டேசியக் கடலின் படிவங்கள் அங்குக் கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை வெளிப்பட்டுக் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் தென்பிரான்சின் பள்ளத்தாக்குகளை நினைவூட்டும் நிலம் எதுவெனில் அதனையே சுட்டலாம். சாத்தனூரின் 18 மீட்டர் நீளக் கல்மரமும் அப்பகுதியிலேயே உள்ளது.

வழுதாவூர் கோட்டையும் ஆட்சிகள் மோதிய இடம். 1750இல் நாசிர் ஜங் அதன் அருகே பாசறை அமைத்திருந்தார். அவ்வாண்டு இறுதியில் அவர் கொல்லப்பட்டபின், முசாபர் ஜங் புதுவையில் பதவியேற்று, வழுதாவூரைத் துய்ப்ளெக்சுக்கு ஜாகீராக அளித்தார். 1760இல் ஆங்கிலத் தளபதி ஐயர் கூட் அக்கோட்டையைக் கைப்பற்றினார். 1761 சனவரியில் புதுவையும் வீழ்ந்தது. இந்நிகழ்ச்சிகளை அருகிருந்து கண்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வழுதாவூர் பலமுறை இடம்பெறுகிறது. படைகள் பாசறை அமைத்த அம்மண்ணின் அடியில் கோடியாண்டுப் பழமையுடைய கடல் உறங்கியதை அன்று எவரும் அறியார்.

வில்லியனூர் மற்றொரு வகைச் சிறப்புடையது. அங்குள்ள சோழர் காலத் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநரால் தொடர்கிறது. அவ்வூரில் 1877இல் எழுந்த லூர்து மாதா ஆலயம், தென்பிரான்சின் பிரனீசு மலையடிவாரத்திலுள்ள லூர்து நகரின் பெயரைத் தாங்கியது. அந்நகரின் புகழுக்குக் காரணமான மசபியேல் குகையும் சுண்ணாம்புப் பாறைக் குகையே. அடுத்துள்ள சுல்தான்பேட்டை முஸ்லிம்கள் பெருகி வாழும் ஊர். தேரோட்டமும் ஆலயத் திருவிழாவும் பாங்கோசையும் ஒரே காற்றில் கலக்கும் இந்நிலம், நல்லிணக்கத்தை நூலில் தேடாமல் வாழ்வில் கண்டது.

இழந்தவையும் காக்க வேண்டியவையும்

மண்ணில் கிடப்பது என்றும் அங்கேயே கிடக்கும் என எண்ணுதல் பிழை. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் டைனோசர் எலும்புகள் 1987இல் 'பிருகத்காயோசாரசு' எனப் பெயரிடப்பட்டு அறிவிக்கப்பட்டன. உலகில் வாழ்ந்த மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்றாய் இருந்திருக்கலாம் எனப் பேசப்பட்ட அவ்விலங்கின் எலும்புகள் காற்றிலும் ஈரத்திலும் சிதைந்து அழிந்துவிட்டன. இன்று ஓவியமும் குறிப்பும் மட்டுமே எஞ்சியுள்ளன. கிடைத்தும் இழந்த செல்வத்திற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

பிரான்சிலும் இடர் நேர்ந்தது. 1948இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட லஸ்கோ குகையில், பார்வையாளர் மூச்சின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் ஓவியங்கள் பழுதுற்றன. 1963இல் அரசு குகையை மூடியது. 1983இல் அதன் படியை அமைத்து மக்களுக்குக் காட்டியது. பார்த்தலும் காத்தலும் முரண்படும்போது காத்தலே முதன்மை பெற்றது.

நம் நிலத்தின் இடர் வேறு வகையினது. சேதராப்பட்டு இன்று தொழிற்பேட்டை. வளர்ச்சியை வேண்டாம் எனல் நம் நோக்கமன்று. ஏழைக்குடும்பத்து இளைஞர்க்கு வேலை வேண்டும். ஆயினும் அடித்தளம் தோண்டும்போது வெளிப்படும் கல்லை ஒருமுறை நோக்கிப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து வைக்க எவரும் இல்லையெனில், ஒரு பக்கம் கிழிந்த நூலையே நம் பேரர்க்கு விட்டுச் செல்வோம். புதுவைப் பகுதி தமிழ்நாட்டு நிலத்தினூடே தொடர்ச்சியற்ற பல துண்டுகளாய்க் கிடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களும் கொடைகளும் அவ்வெல்லைகளை வரைந்தன. கல்லடுக்கும் ஏரிநீரும் அவ்வெல்லையை அறியா. ஆகவே காப்பும் எல்லை கடந்ததாய் இருத்தல் வேண்டும்.

இவ்வகையில் நம் மாணவர் செய்யத்தக்கன சில உள. முதலாவது, ஒவ்வொரு மாணவரும் தம் ஊருக்கு ஒரு சுவடி தொடங்கலாம். கிணற்றில் எந்த ஆழத்தில் எந்நிற மண்ணும் கல்லும் வந்தன, ஏரிக்கு நீர் எவ்வழி வந்தது, எவ்வாண்டு வற்றியது என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதலாம். கிணறு வெட்டிய தொழிலாளரைவிட ஓர் ஊரின் அடிமண்ணை அறிந்தவர் இலர். இரண்டாவது, ஊர்ப்பெயர், தெருப்பெயர், வயற்பெயர்களைத் தொகுக்கலாம். இது தமிழ்த்துறைக்கே உரிய பணி. மூன்றாவது, படிவங்களோ பழம்பொருள்களோ தென்பட்டால் அவற்றைப் பெயர்த்தெடுத்து வீட்டிற்குக் கொண்டுவராமல், கிடந்த நிலையிலேயே படம் எடுத்து ஆசிரியர்க்கும் உரிய துறைக்கும் அறிவிக்க வேண்டும். இடத்தைவிட்டு நீங்கிய கல், பெயர் கிழிந்த கடிதம் போன்றது.

ஜமாஅத்துப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் வீட்டுப் பெட்டிகளிலும் வக்புப் பத்திரங்கள், பிரெஞ்சு நோட்டரிப் பத்திரங்கள், அரபுத்தமிழ் ஏடுகள், அடக்கத்தல எழுத்துகள் ஆகியன இருக்கக்கூடும். பழையன என அவற்றைக் கழித்துவிடாமல், கல்லூரி ஆசிரியரிடம் காட்டிப் படியெடுக்கச் செய்தல் வேண்டும். மூலம் உரியவரிடமே இருக்கட்டும். படி அனைவர்க்கும் பயன்படட்டும். கபரேரேப் பாதிரியார் இளைஞர் இருவர்க்கு அளித்த ஊக்கத்தை நம் பெரியோர் நம் பிள்ளைகளுக்கு அளிப்பாராயின், வழுதாவூரும் பாகூரும் தமக்குரிய இடத்தைப் பெறும்.

முடிவுரை

தென்பிரான்சின் சிற்றூர்கள் கல்லால் மட்டும் அழகு பெறவில்லை; தம் கல்லைத் தாமே அறிந்த மக்களால் அழகு பெற்றன. புதுவையின் சிற்றூர்களில் குகை இல்லை. ஆனால் கடல் கல்லாகிய நிலம் உண்டு. பெரும்பள்ளத்தாக்கு இல்லை, ஆனால் பல தலைமுறைகள் பேணிய ஏரிகள் உண்டு. ஓவியச் சுவர் இல்லை. ஆனால் ஆயிரமாண்டுக் கல்லூரிகளின் எழுத்து உண்டு. இம்மூன்றும் வெவ்வேறு துறையாரின் பொருள்களாகப் பிரிந்து கிடக்கின்றன. நிலவியலார் கல்லை அறிவர்; உழவர் நீரை அறிவர்; தமிழாசிரியர் எழுத்தை அறிவர். மூவரையும் ஒரே ஊரின் திண்ணையில் அமர்த்தும் பணியை இன்றைய மாணவர் ஏற்க வேண்டும். அதற்குத் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. வில்லியனூர்ப் பேருந்தில் ஏறினாலே போதும்.